ரேடியேட்டர் வாங்குவதற்கு முன்

கேள்வி: உப்புவெளியில் வசிக்கிறேன். என் பழைய கார் நகருக்குள் ஓடும்போது நன்றாக இருக்கிறது. கந்தளாய் வீதியில் வேகமெடுத்தால் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. புதிய ரேடியேட்டர் வாங்க வேண்டும், அதுவரை தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றிவிட்டு ஓடலாம் என்கிறார் கராஜ்காரர். இதுவரை வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றி வந்தேன். என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்குப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். நகருக்குள் மெதுவாகப் போகும்போது சூடேறினால் மின்விசிறியைச் சந்தேகிக்கலாம். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். அப்போதும் சூடேறினால் தண்ணீர் குறைந்திருக்கிறது, அல்லது சரியாகச் சுற்றவில்லை. கசிவு, பலவீனமான வாட்டர் பம்ப், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், அடைபட்ட ரேடியேட்டர் என எதுவாகவும் இருக்கலாம். முதலில் கசிவைக் கண்டுபிடிக்கும் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். உள்ளே அழுத்தத்தைத் தாங்கி, தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் காப்பது அதுதான். அதன் றப்பர் இறுகியிருந்தால், மேலே அச்சிட்டுள்ள அதே அழுத்த அளவில் புதிய மூடி வாங்குங்கள்; செலவு சொற்பம்.

கிணற்றுத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். கடலோரக் கிணறுகளின் உப்பும் சுண்ணாம்பும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். புதிய ரேடியேட்டருக்கும் அதே கதிதான். உள்ளே கழுவிவிட்டு, கார்க் கையேடு சொல்லும் வகைக் கூலன்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றுங்கள். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்: செறிவானது என்றால் பெரும்பாலும் சம அளவு காய்ச்சி வடித்த நீர் சேர்க்க வேண்டும், கலந்து விற்பதில் ஒரு துளியும் சேர்க்கக் கூடாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டாமல் பெற்றோல் வீணாகும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, சூடு இன்னும் கூடும்.

முள் சிவப்பை நெருங்கினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். "கந்தளாய்வரை போய்விடலாம்" என்று ஓட்டினால் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளையும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போகும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம். சீறும் கொதிநீர் முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். எஞ்சின் எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் கலங்கியிருந்தாலோ, எஞ்சின் சூடேறிய பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை தொடர்ந்தாலோ கேஸ்கட்டைச் சோதியுங்கள். அந்த நிலையில் ரேடியேட்டரை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

சோதனையில் ரேடியேட்டர்தான் குற்றவாளி என்று தெரிந்தால் தாராளமாக மாற்றுங்கள். கழற்றிய பழையதைக் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டுத் தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்தில் முறையிடலாம்.