ஒரே தேதியில் நடந்த ஆட்டங்கள்: கேள்வி பதில்

பள்ளிப் பலகையிலும் மன்றச் சுவரிலும் "விளையாட்டில் இன்று" எழுதுகிற நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவை.

பாளையங்கோட்டை மாணவி: அண்ணாச்சி, ஜூன் 25-க்கு 1983 உலகக் கோப்பை மட்டும் போதுமா?

போதாதும்மா. அதே லார்ட்ஸ் மைதானத்தில்தான் 1932 ஜூன் 25 அன்று இந்தியா தன் முதல் டெஸ்ட்டை ஆடத் தொடங்கியது. கேப்டன் சி.கே. நாயுடு. முகமது நிசார் வேகத்தில் இங்கிலாந்தின் சட்க்ளிஃப், ஹோம்ஸ் இருவர் ஸ்டம்பும் பறந்தது. வூல்லி ரன் அவுட். இங்கிலாந்து 19-க்கு 3. கடைசியில் நாம் 158 ரன்னில் தோற்றோம். ஆனால் அந்தத் தோல்வி ஜூன் 28-ல். அதனால் "முதல் டெஸ்ட் தொடங்கிய நாள்" என்றே எழுதணும். 1983-ல் நம் 183-க்கு வெஸ்ட் இண்டீஸ் 140. இரண்டு அணியிலும் சேர்த்து அதிக ரன் ஸ்ரீகாந்தின் 38தான். அதை விட்டுறாதே.

கோவில்பட்டி ஹாக்கி வீரர்: எங்க ஆட்டத்துக்கு நல்ல தேதி சொல்லுங்க.

மார்ச் 15. 1975-ல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என வென்று இந்தியா உலகக் கோப்பையை எடுத்தது. இன்றுவரை அது ஒன்றுதான். வெற்றி கோலை அடித்தவர் தியான்சந்தின் மகன் அசோக் குமார். பந்து கம்பத்தின் உள்பக்கம் பட்டு வெளியே திரும்பியது. கோல் இல்லை என்று பாகிஸ்தான் வாதாடியது. நடுவர் கோல் என்றே நின்றார்.

ஆகஸ்ட் 15-ஐயும் குறிச்சுக்கோங்க. 1936 பெர்லின் இறுதி ஆட்டம் 14-ம் தேதி நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. மறுநாள் ஜெர்மனியை 8-1 என வென்றோம். பழைய அட்டவணையைப் பார்த்து எழுதுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான்.

தென்காசி கால்பந்து ரசிகர்: 2014 இறுதி ஆட்டம் ஜூலை 13-ஆ, 14-ஆ?

மைதானம் இருக்கும் ஊரின் தேதிதான் கணக்கு. ரியோவில் 13-ம் தேதி மாலை 4 மணி. நமக்கு 14 பிறந்து இரவு 12.30. முதல் உலகக் கோப்பை உருகுவேயில் தொடங்கியதும் 1930 ஜூலை 13-ல்தான். 14 என்று போட்டால் இந்தப் பொருத்தம் போச்சு.

அம்பாசமுத்திரம் ஆசிரியர்: 1896 ஒலிம்பிக்குக்கு மார்ச் 25 என்றும் ஏப்ரல் 6 என்றும் இருக்கே?

இரண்டும் ஒரே நாள்தான் சார். கிரீஸ் அப்போது ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. 12 நாள் வித்தியாசம். ஏப்ரல் 6 என்றே போடுங்க.

மேலப்பாளையம் மாணவர்: இப்படிப் பொருந்துறது அபூர்வமா, அண்ணாச்சி?

டெஸ்ட்டில் அவ்வளவு அபூர்வம் இல்லை தம்பி. ஒரு டெஸ்ட் ஐந்து நாள் ஓடும். எந்த நாள் பொருந்தினாலும் ஆள் எடுத்துக்கொள்வான். அதனால் ஆட்டத்தின் தேதி பொருந்தினால் போதாது, அந்தச் செயலே அந்த நாளில் நடந்திருக்கணும். சச்சின் அதில் தேறுவார்: 1989 நவம்பர் 15 கராச்சியில் முதல் டெஸ்ட் தொடங்கியது. 2013 நவம்பர் 15 வான்கடேயில், ஆட்டத்தின் இரண்டாம் நாள், 74-ல் அவுட்டாகி கடைசியாக மட்டையோடு களத்தை விட்டு நடந்தார்.

சங்கரன்கோவில் மன்றச் செயலாளர்: பலகையில எத்தனை வரி?

மூன்று. ஆண்டு, ஊர், நடந்தது. தொடக்கமா முடிவா என்பதையும் சேர்த்து. "2001, கொல்கத்தா, ஆஸ்திரேலியாவை 171 ரன்னில் வென்ற கடைசி நாள்" என மார்ச் 15-க்கு எழுதலாம். லட்சுமணும் திராவிடும் நாள் முழுக்க ஆட்டமிழக்காமல் நின்றது அதற்கு முந்தின நாள், 14-ம் தேதிக்கு.