"பதிவேட்டில் முதலிடம்" என்று சொல்கிறவர் யார்?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர்: "68 வயது அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்ற வேண்டும். திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனை மூட்டுப் பதிவேட்டில் முதலிடமாம். 98 சதவீதம் வெற்றியாம். தெரிந்தவர் ஒருவர் அழைத்துப் போகிறேன் என்கிறார். நம்பலாமா?"

அந்தத் தெரிந்தவருக்கு கமிஷன் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். கேரள எல்லையான களியக்காவிளை தாண்டி நோயாளிகளைக் கூட்டிப்போவதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அறை பிடித்துத் தருவார்கள், டாக்டரை அண்ணன் என்பார்கள். அவர்கள் பங்கும் உங்கள் பில்லில்தான் ஏறும்.

பதிவேடு நல்ல விஷயம். யாருக்கு எந்த மூட்டைப் பொருத்தினார்கள், எத்தனை ஆண்டில் மறுபடி திறக்க நேர்ந்தது என்ற கணக்கு அது. ஸ்வீடனில் முழங்காலுக்கு 1975 முதல் எழுதுகிறார்கள். ஓர் உலோக இடுப்பு மூட்டு சீக்கிரமே பழுதாவதை ஆஸ்திரேலியப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. 2010இல் அது உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. நம் நாட்டில் இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்களின் சங்கம் ஒரு பதிவேடு நடத்துகிறது. ஆனால் விரும்பியவர் எழுதலாம், விரும்பாதவர் விடலாம். அதிலிருந்து மருத்துவமனைகளுக்கு ரேங்க் போட்டு மக்களிடம் கொடுப்பதில்லை. "முதலிடம்" தரகர் வாயில் பிறந்ததுதான்.

98 சதவீதமா? தையல் பிரித்த அன்றைய கணக்கா, பத்தாம் ஆண்டுக் கணக்கா?

கணக்கு உண்மையாக இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, பருமன், வேறிடத்தில் கெட்டுப்போன மூட்டு என்று எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் டாக்டருக்குச் சீழ்பிடிப்பும் மறு அறுவையும் கூடத்தான் செய்யும். எளிய முழங்கால்களை மட்டும் எடுத்து மற்றவர்களைத் திருப்பி அனுப்புகிறவர் தங்கமாகத் தெரிவார். வயதுக்கும் மற்ற நோய்களுக்கும் ஈடுசெய்து பார்க்காத சதவீதத்தை வைத்து டாக்டரை எடைபோடாதீர்கள். ஆண்டுக்கு 20 முழங்கால் செய்பவருக்கு ஒன்று தவறினாலே 5 சதவீதம் ஆகிவிடும்.

காப்பீட்டுப் பணத்துக்காக மருத்துவமனைகளில் எக்ஸ்ரே முதல் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுகிறோம். ஐந்து ஆண்டு கழித்து அந்தக் கிழவி நடக்கிறாளா என்று கேட்க ஒரு கட்டம்கூட அதில் கிடையாது!

அறுவை செய்யப்போகிறவரிடம் நேரில் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை முழங்கால், எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது, எத்தனை பேருக்கு மறு அறுவை, பதிவேட்டில் எழுதுகிறீர்களா? கோபித்துக்கொண்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் இன்னொரு கருத்து கேளுங்கள். மூட்டுப் பெட்டியில் கம்பெனிப் பெயரும் லாட் எண்ணும் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண்) உள்ள ஸ்டிக்கர் இருக்கும். நாளை அந்த மூட்டில் கோளாறு என்று தெரிந்தால், உள்ளே இருப்பது அதுதானா என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதை ஒட்டாமல் அம்மாவை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்.