லேசர் பேராசிரியர் ஆக விரும்பும் மகளும் அப்பாவின் கவலையும்

ஐயா, வணக்கம்.

இ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் கேம்பஸ் இன்டர்வியூவே வேண்டாம் என்கிறாள், செமிகண்டக்டர் லேசரில், அதாவது மின்சாரம் பாய்ந்தால் லேசர் ஒளி தரும் சின்னப் படிகங்களில், பிஎச்.டி. முடித்துப் பேராசிரியர் ஆவதாகச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "முப்பது வயது வரைக்கும் படித்துக்கொண்டே இருந்தால் எப்படி?" என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான். கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எம்.டெக். 2 ஆண்டு, பிஎச்.டி. ஏறக்குறைய 5 ஆண்டு. ஐ.ஐ.டி.யில் முதல் நிலை உதவிப் பேராசிரியர் பணிக்கு, பிஎச்.டி.க்குப் பிறகு 3 ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். முப்பதைத் தாண்டத்தான் செய்யும். ஆனால் அத்தனை வருடமும் உங்கள் கைக்காசு போகாது. எம்.டெக். சேர்க்கைக்கான கேட் நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்ந்தால் எம்.டெக்.கில் மாதம் 12,400 ரூபாய், பிஎச்.டி.யில் 37,000 ரூபாயில் தொடங்கி உதவித்தொகை வரும். அந்த உதவிப் பேராசிரியர் பணியின் அடிப்படைச் சம்பளம் 1,01,500 ரூபாய்.

"இப்போது எங்கு பார்த்தாலும் செமிகண்டக்டர் தொழிற்சாலை வருகிறதே, அதனால்தான் கேட்கிறாளா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த இடத்தில் கவனம் வேண்டும். செய்தியில் வரும் சிப் பெரும்பாலும் சிலிக்கானில் செய்வது. சிலிக்கானில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் வெளிச்சம் நன்றாக வராது, அதன் எலெக்ட்ரான்களின் ஆற்றல் அமைப்பு அப்படி. லேசருக்குக் காலியம் ஆர்சனைடு, இண்டியம் பாஸ்பைடு போன்ற வேறு படிகங்கள் வேண்டும். நம் வீட்டுக்கு ஃபைபரில் வரும் இணையத்தின் மறுமுனையில் இருப்பது இந்த வகை லேசர்தான். துறைக்குத் தேவை இருக்கிறது. ஆனால் சிப் தொழிற்சாலையை நம்பி இதில் இறங்கக் கூடாது.

இந்தத் துறையின் முன்னோடி நிக் ஹாலோன்யாக் என்பவரைப் பற்றி மகளோடு சேர்ந்து நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். ரயில்வேயில் கூலி வேலை பார்த்திருக்கிறார். இலினாய் பல்கலைக்கழகத்தில் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் பார்டீனிடம் படித்து 1954இல் பிஎச்.டி. வாங்கினார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்தபோது, 1962இல், கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் செமிகண்டக்டர் லேசரைச் செய்துகாட்டினார். அதற்குப் பிறகுதான், 1963இல், பேராசிரியராகத் தன் பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கேதான் கற்பித்தார். அவருடைய மாணவர் ரஸ்ஸல் டுபுயும் முதலில் தொழில் நிறுவனத்தில் லேசர் செய்துவிட்டுப் பின்னால் பேராசிரியர் ஆனவர். பேராசிரியர் வேலைக்கு நேர்கோட்டில்தான் போக வேண்டும் என்றில்லை. நடுவில் கம்பெனிக்குப் போவது தோல்வியும் இல்லை. இதை மகளிடமும் சொல்லுங்கள்.

பொறுமைக்கு உதாரணம் ஹெர்பர்ட் க்ரோமர் என்ற இயற்பியலாளர். இரண்டு வகைப் படிகங்களை அடுக்கினால் லேசர் நன்றாக வேலை செய்யும் என்று 1963இல் சொன்னார். பயன்பாடு எதுவும் இருக்காது என்று அவருடைய நிறுவனம் வேலையைத் தொடர விடவில்லை. சாதாரண அறை வெப்பத்தில் விடாமல் எரியும் லேசர் 1970இல் வேறு ஆட்களின் கையில் வந்தது. க்ரோமருக்கு நோபல் பரிசு கிடைத்தது 2000இல்.

இனி, நான் முக்கியமாக நினைப்பது. கல்லூரிப் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள், ஆய்வகத்தைப் பார்த்துச் சேருங்கள். சில நானோமீட்டர் கனத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக அடுக்குகளை வளர்க்க வேண்டும். அதற்கு நச்சு வாயுக்கள் ஓடும் ரியாக்டர், தூசி இல்லாத கிளீன்ரூம் எல்லாம் வேண்டும். பிறகு படிகத்தைச் சரியான தளத்தில் பிளந்தால் அந்த விளிம்பே லேசருக்கு வேண்டிய, ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியாகிவிடும். இதைப் புத்தகத்தில் படிக்கலாம், கை பழகுவது ஆய்வகத்தில்தான். ரியாக்டர் பழுதானால் மாணவருக்கு மாதங்கள் கழியும். ஆகவே சேருமுன் அங்கே ஏற்கெனவே படிக்கிற மாணவர்களிடம் மகளைப் பேசச் சொல்லுங்கள். படிகம் வளர்க்கும் வசதி உள்ளேயே இருக்கிறதா, இல்லை வளர்த்த படிகம் வெளியிலிருந்து வருகிறதா? கடைசியாகப் பட்டம் வாங்கியவருக்கு எத்தனை வருடம் ஆனது, இப்போது எங்கே இருக்கிறார்? கணினியில் சிமுலேஷன் மட்டும் செய்து வாங்கும் பட்டத்தை இந்தத் துறையில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேம்பஸ் இன்டர்வியூவையும் விட வேண்டாம், உட்காரட்டும். வேலை கையில் இருந்தால் கேட் தேர்வைப் பதற்றமில்லாமல் எழுதலாம். அதற்கு முன் கோடை விடுமுறைக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸின் கோடைக்கால ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் வெளிக் கல்லூரி மாணவர்களுக்கு நானோ ஃபேப்ரிகேஷன், அதாவது மிக நுண்ணிய சாதனங்களைச் செய்யும் பயிற்சி தருகிறார்கள், அதையும் பார்க்கலாம். கிளீன்ரூம் உடையில் நாள் முழுக்க நின்று, செய்த சாம்பிள் வீணாகி, மறுநாள் காலையில் திரும்பவும் உள்ளே போகத் தோன்றுகிறதா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும். திரும்பி வந்ததும் உங்களிடம் என்ன சொல்கிறாள் என்பதை எனக்கு எழுதுங்கள். எந்த ஆய்வகம் என்பதை அதன்பின் உட்கார்ந்து பேசுவோம்.