முழங்கால் உயரக் கரை

அன்பின் அண்ணாவுக்கு,

ஓராண்டாகக் கடலைப் படம் எடுக்கப் பழகி வருகிறேன். கையில் இருப்பது பழைய கமரா ஒன்றும் அதனோடு வந்த 18–55 மில்லிமீற்றர் லென்சும் ஒரு முக்காலியும்தான். கீரிமலைக்கும் பருத்தித்துறைக்கும் விடியலிலும் மாலையிலும் எத்தனையோ தடவை போய்விட்டேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் மேலே வானம், கீழே தண்ணீர், நடுவே ஒரு கோடு, அவ்வளவுதான். நோர்வேயில் இருக்கும் மச்சான் லொஃபோட்டன் தீவுகளில் எடுத்த படங்களை அனுப்புகிறார். மலையே கடலுக்குள் இறங்கி நிற்கிறது. எங்கள் யாழ்ப்பாணத்துத் தட்டைக் கரையில் அப்படி எதுவும் இல்லை. 14 மில்லிமீற்றர் அகல லென்சும் ஒளியைக் குறைக்கும் 10 ஸ்டொப் பில்டரும் வாங்கினால் நிலைமை மாறுமா, அல்லது திருகோணமலைக்குத்தான் போக வேண்டுமா? இரண்டு படங்களை இணைத்துள்ளேன். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

வாசகர், கோண்டாவில்

அன்பின் தம்பிக்கு,

படங்களைப் பார்த்தேன். குறையைத் தயங்காமல் சொல்லும்படி கேட்டதால் அதையே முதலில் சொல்கிறேன்: இரண்டையும் நின்ற உயரத்திலேயே எடுத்திருக்கிறீர்கள். முக்காலியின் கால்களை முழுதாக இழுத்துவிட்டு, குனியாமல் பார்க்க வசதியாகக் கமராவைக் கண்ணுக்கு நேரே வைத்திருக்கிறீர்கள். கரை தட்டையாகத் தெரிவதற்கு யாழ்ப்பாணம் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி அந்த முக்காலி.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கடற்கரையில் நிற்கும்போது, கமராவின் உயரத்தை விட உயரமான பொருள் மட்டுமே அடிவானக் கோட்டை வெட்டி மேலே எழும். அதைவிடத் தாழ்ந்தது எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் கோட்டுக்குக் கீழே, தரையோடு தரையாகக் கிடக்கும். லொஃபோட்டனில் மலை நூற்றுக்கணக்கான மீற்றர் உயரத்தில் நிற்பதால் உங்கள் மச்சான் எந்த உயரத்தில் கமராவைப் பிடித்தாலும் அது கோட்டை வெட்டும். கீரிமலையில் பாறையின் பெரும்பகுதி முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பு உயரம். ஆகவே கமராவைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு இறக்குங்கள். அதுவரை படுத்துக் கிடந்த முருகைக்கல், அதாவது அந்தச் சுண்ணாம்புப் பாறை, எழுந்து கடலை மறைக்கும். அதன் கருக்கு வானத்தில் ஏறும்.

கேட்க இலகுவாகத் தோன்றினாலும் குந்தியிருந்து படம் எடுப்பது இடுப்பை வருத்தும் வேலை. எனக்கு வயது ஏற ஏறப் படங்களின் அடிவானமும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு வந்ததைப் பழைய கோப்புகளைப் புரட்டியபோது கண்டேன்.

தாழ இறங்கினால் முன்னால் இருக்கும் பாறை லென்சுக்கு மிக அருகில் வந்துவிடும். அது தெளிவாக இருக்க வேண்டும், அடிவானமும் தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் கமரா சிறிய உணரி உள்ள வகை என்று படத் தகவலில் தெரிகிறது. அதில் 18 மில்லிமீற்றரில், எஃப்/11 துளை அளவில், ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் தொலைவில் குவித்தால் முக்கால் மீற்றரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். இதற்கு 14 மில்லிமீற்றர் தேவையில்லை. அகலம் கூடக் கூடத் தொலைவில் உள்ளது சிறுத்துப்போகும்; ஏற்கெனவே தாழ்ந்த கரை இன்னும் தாழும். கடன்பட்டாவது ஒரு லென்ஸ் வாங்கத்தான் வேண்டும் என்றால் 200 மில்லிமீற்றர் வரை போகக்கூடிய ஒன்றைப் பாருங்கள். வாடைக் காலத்தில் பருத்தித்துறைக்கு வெளியே பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) முறியும் அலைகளை அது ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் காட்டும்.

ஒளியைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் மச்சானுக்கும் உங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு மலையை விட அதில்தான் இருக்கிறது. நாங்கள் வடக்கே ஏறத்தாழ 10 பாகை அகலாங்கில் இருக்கிறோம். சூரியன் ஏறத்தாழ நேர்செங்குத்தாகவே கடலில் இறங்குகிறது. பங்குனியிலும் புரட்டாதியிலும் பகலும் இரவும் சமமாக உள்ள நாள்களில், அடிவானத்துக்கு 6 பாகை மேலே நிற்கும் சூரியன் இங்கே 25 நிமிடத்துக்குள் கடலைத் தொட்டுவிடும். 68 பாகையில் இருக்கும் லொஃபோட்டனில் அதே நாளில் அதே இறக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், ஏனெனில் அங்கே அது சாய்ந்து சாய்ந்து போகிறது. அவர் ஒளி வந்த பின் இடம் தேடலாம். நீங்கள் தேடினால், தேடி முடிக்கும்போது இருட்டிவிடும். உங்கள் முதற்படமும் இரண்டாவது படமும் 12 நிமிட இடைவெளியில், இருநூறு மீற்றர் தள்ளி எடுக்கப்பட்டவை; அந்த மாலையின் நல்ல ஒளியில் பாதியை நடப்பதிலேயே செலவழித்திருக்கிறீர்கள்.

நான் செய்வது வேறு. நாலரை மணிக்கே போய், ஒரேயொரு பாறையைத் தெரிவுசெய்துகொண்டு, கமராவை நிறுத்திச் சட்டகத்தைத் தீர்மானித்துவிட்டு, பிறகு தேநீர்ப் போத்தலோடு உட்கார்ந்துவிடுவேன். ஒளி மாறட்டும், நான் மாறுவதில்லை. ஐந்தரைக்கு வெள்ளைத் துணிபோல் கிடக்கும் அந்தச் சுண்ணாம்புக்கல்லில், கடல்நீரும் மழைநீரும் கரைத்துக் குடைந்த குழிகள் இருப்பதே தெரியாது. சூரியன் சாயும்போது ஒவ்வொரு குழியின் ஒரு விளிம்பிலும் நிழல் கட்டத் தொடங்கும்; முதலில் நூல்போல், பிறகு விரல்போல். ஆறேகால் அளவில் பாறை முழுவதும் இடியப்பத் தட்டுப்போல் துளைதுளையாகத் தெரியும். சிறிய குழிகளில் நீர் வற்றிப் படிந்த உப்பு மாத்திரம் இளஞ்சிவப்பாக மினுங்கும். ஐந்து நிமிடம் கழித்து நிழல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து எல்லாம் ஒரே கறுப்பு. எனக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சில நிமிடங்கள்.

சூரியன் மறைந்ததும் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை நோக்கிப் போவார்கள். நீங்கள் இன்னும் இருபது நிமிடம் இருந்து கிழக்கே திரும்பிப் பாருங்கள். கடலின் மேல் நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழும். அது பூமியின் நிழல். அதன் தலையில் ரோசா நிறத்தில் இன்னொரு பட்டை. அந்த வேளையில் நிழலே விழாது என்பதால் ஈரப்பாறையின் நிறங்கள் மென்மையாக வெளிவரும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறை வரை கரை ஏறத்தாழ கிழக்கு மேற்காக ஓடி வடக்கே கடலைப் பார்க்கிறது. ஆனி நடுவில் சூரியன் மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி, கடலிலேயே விழும். மார்கழியில் அதே அளவு தெற்கே தள்ளி, நிலத்தின் பக்கம் பனைகளுக்குப் பின்னால் விழும். ஆகவே ஆனியில் சூரியனைப் படத்துக்குள் வைக்கலாம். மார்கழியில் அது தோளுக்குப் பின்னாலிருந்து அலைகளுக்கு ஒளி கொடுக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் இந்தக் கரை காற்றுக்கு மறைவாகக் குளம்போல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கினால் அலையும் வரும், கிழிந்த முகிலும் வரும்; முகிலின் கிழிசலால் வெயில் இறங்கிக் கடலில் ஒரு துண்டை மட்டும் வெளிச்சமாக்கி அரை நிமிடத்தில் போய்விடும். மழை என்று வீட்டில் இருக்கும் நாள்தான் போக வேண்டிய நாள்.

நண்பகலைக் கைவிடச் சொல்வார்கள். நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் நண்பகல் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். பாறைக்கு அது உதவாது. ஆனால் வெண்மணலின் மேல் கிடக்கும் ஆழமற்ற நீரின் பச்சையும் நீலமும் அப்போதுதான் அடிவரை தெரியும். இதற்கு மட்டும் ஒரு போலறைசர் பில்டர் வாங்குங்கள். கிடைக்கோட்டிலிருந்து 37 பாகை அளவில் கீழ்நோக்கிப் பார்க்கும்போது நீர்மேல் பளபளப்பை அது மிக நன்றாக வெட்டும்.

10 ஸ்டொப் பில்டர் ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். அரை நிமிடம் திறந்து வைத்தால் அலையெல்லாம் புகையாகிவிடும். பெரிய அலை அடிக்கும் ஊரில் அது அமைதியைத் தரலாம். இங்கே இருக்கும் கொஞ்ச அலையையும் அழித்தால் மிஞ்சுவது நீங்கள் முறைப்பட்ட அதே கோடுதான். அலை ஏறும்போது விட்டுவிட்டு, அது குழிகளிலிருந்து வடிந்து திரும்பும்போது கால் விநாடிக்கும் ஒரு விநாடிக்கும் இடையில் எடுத்துப் பாருங்கள். நுரை கோடுகோடாக இழுபட்டு, பாறை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதைக் காட்டும். சூரியன் மறைந்த பின் ஐஎஸ்ஓ 100 என்ற குறைந்த ஒளியுணர்வில் ஷட்டர் வேகம் தானாகவே அந்த அளவுக்கு இறங்கிவிடும், பில்டர் எதற்கு?

எங்கள் தட்டை அடிவானத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. வானத்துக்கும் கரைக்கும் உள்ள ஒளி வேறுபாட்டைச் சமாளிக்க, மேற்பாதி மட்டும் இருண்ட பில்டரை வைத்தாலும், இரண்டு படம் எடுத்துப் பொருத்தினாலும், இணைப்பு நேர்கோட்டில் வந்து மறைந்துவிடும். 1850களிலேயே பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர், அன்றைய தகடுகளில் வானம் வெளிறிப்போவதால், வானத்துக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரண்டு நெகட்டிவ்களை எடுத்து அடிவானக் கோட்டில் சேர்த்து அச்சிட்டார். வானமே இல்லாமல் வெள்ளைப் பாறையை மட்டும் எடுக்கும்போது கமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒளியளவை முக்கால் ஸ்டொப் கூட்டிக் கொடுங்கள். நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகலொளியில் வையுங்கள், இல்லாவிட்டால் காத்திருந்து பெற்ற மஞ்சளைக் கமராவே கழுவிவிடும்.

உப்பைப் பற்றி ஒரு சொல். பருத்தித்துறையில் ஒரு கார்த்திகை மாலை சாரல் பட்ட பில்டரை அவசரத்தில் சாரத் தலைப்பால் துடைத்தேன். காய்ந்த உப்பு மணல்போல் இழுபட்டு, நடுவில் பிறைபோல் ஒரு கீறல் விழுந்தது. முதலில் ஊதுங்கள், பிறகு நன்னீர் நனைத்த துணியால் ஒற்றியெடுங்கள். முக்காலிக் கால்களையும் அன்றிரவே கிணற்று நீரில் கழுவிவிடுங்கள்.

கீரிமலையில் காலையில் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு வருபவர்கள் நிற்பார்கள். அவர்களுடைய ஈரத் துணியும் பிண்டமும் நல்ல படம்தான்; எடுக்காதீர்கள். கடற்படை முகாம் உள்ள பக்கமும் கமராவைத் திருப்ப வேண்டாம்.

திருகோணமலைக்குப் போங்கள், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை செங்குத்தாக இறங்குமிடம் அழகானது. ஆனால் அதற்கு முன் உங்கள் இரண்டாவது படத்தின் இடது கீழ் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். சோற்றுக் கோப்பை அளவில் ஒரு குழி. அதில் தேங்கிய நீரில் மேற்கு வானம் முழுவதும் விழுந்திருக்கிறது, விளிம்பில் ஒரு நத்தை இருக்கிறது. கடல் வற்று நேரமாகப் பார்த்துப் போனால் அந்தக் குழி அதே இடத்தில் வெளியே தெரியும். வற்றுக்கும் பெருக்குக்கும் இங்கே ஒரு மீற்றர் வேறுபாடுகூட இல்லை என்றாலும், கரை தாழ்ந்திருப்பதால் நிறையப் பாறை வெளிவரும். முக்காலியை அதன் அருகே, மிகத் தாழ்வாக, நாலரை மணிக்கே வைத்துவிடுங்கள்.