புறாக்களை ஏன் கொடுத்தான்?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. சேர்க்கை சரியில்லாமல் செல்போன் பறிப்பு வழக்கில் மாட்டி, 40 நாள் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். இளைஞர் நீதிக் குழுமத்தில் நான் கையெழுத்துப் போட்டு ஜாமீனில் கூட்டி வந்தேன். அவன் அப்பா அவனோடு பேசுவதில்லை. இப்போது சத்தமில்லாமல் இருக்கிறான். ஆசையாக வளர்த்த புறாக்களைக்கூடப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டான், கொஞ்சம் பொறுப்பு வந்திருக்கிறது. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டுக்கு விஷயம் தெரியாது. அதுவரை அவனைத் திருப்பூரில் என் தம்பி வீட்டில் விட்டுவைக்கலாமா?
- ஒரு தாய், வடசென்னை

பதில்: கூடாது. கல்யாணப் பேச்சை ஓரமாக வையுங்கள். அந்தப் புறாக்களைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் பக்கத்துப் பையன்களுக்குப் புறா என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். டீக் காசை மிச்சம் பிடித்துக் கம்பு வாங்கிப் போடுவார்கள். பந்தயத்துக்கு விட்ட புறா திரும்பும்வரை மாடியை விட்டு இறங்க மாட்டார்கள். அப்படி வளர்த்ததை ஒருவன் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறான், நீங்கள் அதைப் பொறுப்பு என்கிறீர்கள்! ஆசைப்பட்டு வைத்திருந்ததைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு அடங்கிப்போவது, சாக நினைப்பவர்களிடம் தெரியும் அறிகுறிகளில் ஒன்று. இவன் அப்படித்தான் நினைக்கிறான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வழக்கும் அவமானமும் பேசாத அப்பாவும் சேர்ந்த பிள்ளை விஷயத்தில் இதைச் சும்மா விட முடியாது.

இன்று ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "புறாவை ஏன்டா கொடுத்தே? செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், அழுது சத்தியம் வாங்காதீர்கள். அவன் பேசட்டும். தனியாக விடாமல், வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வைத்துவிட்டு 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலிமனாஸ் என்கிற மனநல உதவி எண் அது. எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. இந்த நிமிஷமே ஆபத்து என்றால் 108. அவன் என்ன பதில் சொன்னாலும், மறுநாள் காலை ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அவன் வழக்கைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலரிடமும் சொல்லுங்கள்.

அந்த 40 நாளில் உள்ளே என்ன நடந்தது என்று யாராவது அவனைக் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்த வழக்கு பின்னாளில் வேலைக்கோ படிப்புக்கோ தடையாக இருக்கக் கூடாது என்றுதான் 2015 சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. அவன் பெயரை வெளியிடவும் தடை இருக்கிறது. அவனுக்கு இதெல்லாம் தெரியுமா? வாழ்க்கையே முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

அவன் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஐயா, தப்புச் செய்த பிள்ளையைத் திட்டுங்கள், கேள்வி கேளுங்கள், அது உங்கள் கடமை. பேசாமல் இருக்க மட்டும் பெற்றவருக்கு உரிமை கிடையாது. இன்றைக்கு அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அம்மா, உங்களை நம்பித்தான் அவனை விட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டது உங்கள் தம்பி இல்லை, நீங்கள். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வர வேண்டிய மைத்துனன் அவன். கல்யாணத் துணி எடுக்க அவனையும் கூட்டிப் போங்கள். பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், புறாக்களை யாருக்கும் விற்றுவிட வேண்டாம் என்று.