கணினி விற்பனை சரியும்போது கணினி நிறுவனப் பங்குகளை ஷார்ட் செய்யலாமா?

ஷார்ட் செய்வது என்றால் இரவல் வாங்கிய பங்கை விற்று, விலை விழுந்தபின் வாங்கித் திருப்பித் தருவது. விற்பனை சரியும் என்பது ஒரு கணிப்பு, பங்கு விழும் என்பது வேறொரு கணிப்பு. முதலாவது பலித்தும் இரண்டாவதில் கையைச் சுட்டுக்கொள்ள முடியும்.

2013-இன் முதல் காலாண்டில் உலகக் கணினி வரத்து (நிறுவனங்கள் விற்பனைக்கு அனுப்பிய எண்ணிக்கை) 13.9 சதவீதம் சரிந்தது எனச் சந்தை ஆய்வு நிறுவனமான ஐடிசி கணக்கிட்டது. 1994-இல் கணக்கெடுப்பைத் தொடங்கியதிலிருந்து அதுவரை அந்நிறுவனம் கண்டிராத வீழ்ச்சி! ஆனால் அதே ஆண்டில் கணினி நிறுவனமான எச்.பி.யின் பங்கு ஏறத்தாழ இரு மடங்கானது. கெட்ட செய்தியையெல்லாம் 2012-லேயே சந்தை விலையில் சேர்த்துவிட்டிருந்தது.

டெல் கதை இன்னும் கொடுமை. 2012 நவம்பரில் 10 டாலருக்கும் கீழே கிடந்த பங்குக்கு, அடுத்த பிப்ரவரியில் நிறுவனர் மைக்கேல் டெல்லும் சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனமும் டெல்லை வாங்கிக்கொள்ள 13.65 டாலர் தர முன்வந்தார்கள். ஷார்ட் செய்தவர் நிலையைப் பாருங்கள். 10 டாலருக்கு விற்றதை 13.65 டாலருக்கு வாங்கித் திருப்பித் தந்தால் பங்குக்கு 3.65 டாலர் நட்டம். இடையில் வரும் டிவிடெண்டையும் (நிறுவனம் தரும் லாபப் பங்கு), பங்கை இரவல் தந்த உரிமையாளருக்கு அவர்தான் கட்ட வேண்டும்.

எனவே, விற்பனைச் செய்தி தலைப்புக்கு வருமுன், கடைகளில் சரக்கு தேங்கத் தொடங்கும்போதே இறங்கினால்தான் ஷார்ட்டுக்கு அர்த்தம் உண்டு என்பேன். ஏற்கெனவே பாதியாகிவிட்ட பங்கைத் தொடாதீர்கள்.