மட்டக்களப்பில் இருக்கும் குயர் ஆள் ஒருவர் பட்டறைக்குப் போகாமல் பச்சை மரவேலை பழக முடியுமா? காட்டோடு ஓர் உறவு இங்கே சாத்தியமா?

வெளிநாடுகளில் குயர் ஆட்கள் கூட்டமாகக் காட்டோரம் தங்கி, ஈரம் காயாத மரத்தில் கரண்டியும் கதிரையும் செய்கிற காணொளிகளைப் பார்த்து ஆசைப்பட்டதாகவும், ஊர்ப் பட்டறையில் போய் நிற்கத்தான் தயக்கம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பழகலாம். நான் பட்டறை வாசல் மிதிக்காமல்தான் பழகினேன். காட்டு விஷயம்தான் இங்கே கொஞ்சம் வேறு மாதிரி.

உங்கள் தயக்கம் எனக்கு விளங்குகிறது. நம் ஊரில் மரவேலை என்றாலே சீதனக் கட்டில், அலுமாரி, கதவு நிலை. கலியாணப் பேச்சு வராமல் ஒரு பலகை இழைபடாது. நான் வேலியோரம் இருந்து செதுக்குவதைப் பார்த்த ஓடாவி மாமா ஒருவர், "என்னகா புள்ள, உன்ட சீதனக் கட்டில நீயே செய்யிறாயா?" என்றார். பெண்ணை விரும்பும் பெண் நான். என்ன பதில் சொல்ல? சிரித்தேன். அவரும் சிரித்து, கத்தியை வாங்கி அலகைத் தீட்டித் தந்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கேள்வியை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு தொழில் பழக ஏலாது.

பச்சை மரவேலைக்கு மின்சாரமும் வேண்டாம், கொட்டிலும் வேண்டாம். காட்டுக்கத்தி, சின்னக் கோடரி, நேர்கத்தி, குழி தோண்ட ஒரு வளைகத்தி போதும். வளைகத்தியைக் கம்மாலையில் பழைய அரத்தைக் கொடுத்து அடிப்பிக்கலாம். எதற்கு என்று கேட்டால் அகப்பை செய்ய என்று சொல்லுங்கள்.

மரத்துக்கு அலைய வேண்டாம், பூவரசங் கதியால் இல்லாத வேலி இங்கே குறைவு. கை மொத்தக் கிளையை முழ நீளத்துக்குத் துண்டாக்கி நிமிர்த்துங்கள். காட்டுக்கத்தியின் அலகைத் தலைப்பில், நட்ட நடுவில் வைத்து, பொல்லால் மெதுவாகத் தட்டுங்கள். முதல் தட்டுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஈரச் சத்தத்தோடு பிளவு கீழே ஓடும். வெட்டுவாயில் நீர் கசியும். வெளியே வெளிறிய மரம், உள்ளே கபில நிற வைரம். வாளால் அறுத்தால் நார் அறுபடும், பிளந்தால் நார் முழுசாக இருக்கும். மெல்லிய கைப்பிடி முறியாமல் நிற்பது இதனால்தான்.

நடுவில் ஓடும் நெட்டியைக் கட்டாயம் சீவி எறியுங்கள். காயும்போது மரம், நெட்டியிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைவிட வளர்ச்சி வளையத்தின் போக்கில் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். நெட்டியோடு விட்டால் வெடிப்பு நிச்சயம். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாதி செதுக்கிய அகப்பையை ஒரு மத்தியானம் வெளியே வைத்தாலே போச்சு. சீவல்களோடு சேர்த்துப் பையில் கட்டி வையுங்கள். மாரியில் அதே பைக்குள் பூஞ்சணம் பிடிக்கும், அப்போது கடதாசியில் சுற்றினால் போதும்.

வாவிக்கரைத் தில்லை மரத்தைத் தொடவே வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளிரிசிடியா எலிக்கு நஞ்சு, சாப்பாட்டுச் சாமானுக்கு ஆகாது. வேம்பு செதுக்க நல்லது, ஆனால் கறி கசக்கும்.

இனிக் காடு. "காடு எல்லோரையும் ஏற்கும்" என்ற பேச்சு எனக்கு ஒட்டவில்லை. குடும்பிமலைப் பக்கமோ உன்னிச்சைப் பக்கமோ யானைக்கு நீங்கள் யாரென்று அக்கறை இல்லை, உண்மைதான். அதற்காக அந்தி சாய்ந்தபின் நிற்க முடியாது. ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி வெட்டினால் 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பலா, ஈரப்பலா, பெண் பனை என்றால் சொந்த வளவில் தறிக்கவும் அனுமதி வேண்டும். இதெல்லாம் போக, யுத்தம் கண்ட வீடுகளில் காடு என்றால் போனவர் திரும்பாத இடம். பிள்ளை காட்டுக்குப் போகிறேன் என்றால் அம்மா நடுங்குவதற்குக் காரணம் நம் பால்நிலை மட்டும் இல்லை.

ஆனாலும் நமக்கென்று வழிகள் உண்டு. உகந்தையிலிருந்து குமண, யால வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை நடக்கும்போது ஆணென்ன, பெண்ணென்ன, எல்லோரும் "சாமி"தான். நான் காட்டைக் கிட்டப் பார்த்தது அந்த நடையில். கொம்புமுறி விளையாட்டுக்கு (இரண்டு அணிகள் கொம்புகளை மாட்டி, முறியும்வரை இழுப்பது) வளைந்த கிளை தேடும் பெரியவர்களோடு பேசிப் பாருங்கள். வடசேரி, தென்சேரி இரண்டு பக்கமும் கயிற்றில் இழுக்கும்போது, மாட்டிய கொம்பு தாங்குவதும் நார் வளைவோடு ஓடுவதால்தான். அகப்பைக்குக் கிளை தேட அதே கண் வேண்டும்.

ஜெனி அலெக்சாண்டர் என்ற பெயரையும் தெரிந்து வையுங்கள். அமெரிக்காவின் போல்ட்டிமோரில் சட்டத்தரணி, கதிரை செய்பவர். பச்சை மரத்தில் கதிரை செய்வது பற்றி அவர் 1978இல் எழுதிய நூல்தான் இந்தக் கலையைப் பலருக்குத் திறந்துவிட்டது. குறுக்குக் கட்டைகளை நன்றாகக் காயவைத்து, ஈரம் மிச்சமுள்ள கால்களில் அடித்து இறக்குவார். கால் காயக் காயச் சுருங்கிக் கட்டையை இறுக்கும். ஆணாக அறியப்பட்டு எழுதியவர், முதுமையில் ஜெனி என்ற பெண்ணாக வாழ்ந்து 2018இல் காலமானார். முக்காலி செய்யும்போது அவர் முறையைத்தான் பின்பற்றுகிறேன்.

சட்டம் பற்றி: ஒருபாலுறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மேயில் சொன்னது. கூடியிருந்து அகப்பை செதுக்க எந்தப் பிரிவும் தடையில்லை. ஆனால் படம் எடுத்துப் போடுமுன் கூட இருப்பவர்களைக் கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் கைகளை மட்டும்தான் எடுப்போம்.

முதலில் சமையலில் கிளறும் துடுப்பு செய்யுங்கள். தட்டையானது, வளைகத்தி தேவையில்லை. கல்லடிப் பக்கம் என்றால் உள்பெட்டியில் எழுதுங்கள், வளைகத்தி இரவல் தரலாம்.